ராஜாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்

எகிப்து போய் வந்த கதையை இன்று அமெரிக்காவில் எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்கு வந்த தோழி மாலதியிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன்.

மலையைக் குடைந்த கல்லறை. கண்ணாடிப் பெட்டியில் கறுத்துச் சுருங்கிய ராஜா. கிளம்பும்போது அவரிடம், "போயிட்டு வரேன் ராஜா" என்றேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "செத்தவங்க இருக்கற எடத்துல வரேன்னு சொல்லலாமாடி?"

"ராஜாவே கூப்பிட்டா மரியாதைக்குப் போய்த்தானே ஆகணும்?"

இதைக் கேட்டதும் மாலதி காபியைப் பாதியில் வைத்தாள். எப்போதும் வாசலில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறவள், ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் ஏறிவிட்டாள். சாவு வீட்டிலிருந்து அப்படித்தானே கிளம்புவோம்.

அதிலிருந்து மாடியில் ஹீட்டர் முனகினாலும் எனக்கு யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

இனி வருகிறவர்கள் தயவுசெய்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.