நீலம் பாய்ந்த சைலன்சர்

என் கல்யாணத்துக்குக் கொல்லங்கோட்டில் இருக்கும் என் அப்பா புது மோட்டார் சைக்கிளைச் சீராகக் கொடுத்தார். ஒரே மாதத்தில் அதன் பளபளப்பான சைலன்சர் இன்ஜின் பக்கம் நீலமாகிவிட்டது.

விருந்துக்கு வந்த அப்பாவிடம் மாமியார், "ஏனுங்க சம்பந்தி, யாரோ ஓட்டுன வண்டியத் தேச்சு மினுக்கிக் குடுத்துப் போட்டீங்களாக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சைலன்சரைப் பித்தளைக் குடம் போலப் புளியும் சாம்பலும் போட்டு என்னைத் தேய்க்கச் சொன்னார்; கீறல்தான் விழுந்தது.

அப்பா தலைகுனிந்து போய்ப் புது சைலன்சர் வாங்கி மாட்டினார். அதுவும் நீலமானது. அதன் பிறகே என் கணவர் மெக்கானிக்கிடம் போனார்.

"பெட்ரோல் சரியா வராம இன்ஜின் சூடேறுதுங்க. எந்தப் புது சைலன்சரும் இப்படித்தான் ஆகும்."

அப்பாவிடம் இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இப்போது நான் பிறந்த வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். கணவர் வண்டியில் ஏறச் சொன்னால், "அது யாரோ ஓட்டுன வண்டியாச்சுங்களே" என்கிறேன்.