மழ நாள்ல ஒட்டுன ஏழு குச்சி

எனக்கு கித்தார் செய்யத் தெரியும், வாசிக்கத் தெரியாது. சிரிக்காதீங்க. சுருதி சேப்பேன், ஆறு கம்பியயும் ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பேன், அதோட சரி. நான் செஞ்சது பாட்டா எப்படிக் கேக்கும்னு தெரியணும்னா என் மச்சான் வரணும். தோட்டத்துல ஒரே லயத்து வரிசைல அடுத்தடுத்த வீட்டுல பொறந்தவங்க நாங்க. இப்ப அவனுக்கு சிங்கப்பூர்ல வேல. தீபாவளிக்கு நாலு நாள் வருவான்.

எங்க லயம் பத்து காஜா ஊருப் பக்கம். ரப்பர் போயி செம்பன வந்துருச்சு, ஆளுங்க ஈப்போவுக்குப் போயிட்டாங்க. எங்கம்மாவும் அக்கா பிளாட்டுலதான். ஆறு வீட்டுல அஞ்சு காலி, கொசோங், பல்லிதான் குடியிருக்கு. நாள் பூரா அறுக்கலாம், இழைக்கலாம், எவனும் சண்டைக்கு வரமாட்டான். சண்டைக்காவது ஒருத்தன் வந்தா தேவலன்னு சில நாள் தோணும்.

நான் பாத்து செஞ்சது, நூத்தம்பது வருசத்துக்கு முன்னால ஸ்பெயின்ல ஒரு ஆசாரி செஞ்ச கித்தாரோட பிளான். அதுல எழுதியிருக்குறது ஒண்ணும் புரியாது. பள்ளிக்கூடத்துல மூணாம் பாரத்தோட நின்னவனுக்கு மலாயே தகராறு, ஸ்பெயின்காரன் பாஷயா தெரியப்போவுது? படம் புரியும். முன்பலக ரெண்டு மில்லிதான். அதுக்கு உள்பக்கம் ஏழு குச்சிய விசிறி மாதிரி விரிச்சு ஒட்டணும். அந்தக் குச்சிதான் பலகயத் தாங்குறது, குரல் குடுக்குறதும் அதுதான்.

குச்சி ஒட்டுற அன்னைக்குக் காலைல இருந்தே மழ. ஈரம் காட்டுற மீட்டர் எம்பதத் தாண்டி நின்னுச்சு. அம்பதுக்கு எறங்குனாதான் ஒட்டணும், எனக்கே தெரியும். அம்மா போன் பண்ணாங்க.

"ஒம்பதே காலுக்கு நல்ல நேரம்யா. இத விட்டா இந்த வாரத்துல வேற இல்ல."

மத்த நாளா இருந்தா, "பசைக்கு ராகு காலம் தெரியுமாம்மா?"ன்னு கிண்டல் பண்ணிருப்பேன். அன்னைக்கு சரின்னுட்டேன். இந்தக் கித்தார் அவன் கையில நல்லா பேசணும்னு அவ்வளவு ஆச. மீட்டரக் கவுத்து வச்சுட்டு, சரியா ஒம்பதே காலுக்கு ஒட்டுனேன்.

தீபாவளிக்கு மொத நாள் மச்சான் வந்தான். வாசப்படில உக்காந்து அரை மணி நேரம் வாசிச்சான். நான் உள்ள தேத்தண்ணி கலக்குற மாதிரி நின்னுக்கிட்டேன், மூஞ்சக் காட்ட முடியல.

"இது நீ செஞ்சதா? எங்கடா திருடுன?"ன்னான்.

ஈப்போல அவங்க வீட்டுல வாசிச்சுக் காட்டணும்னு கித்தார எடுத்துட்டுப் போனான். மறுநாள் காலைல போன்.

"மச்சான், கித்தார் ரொசாக்லா, ஒடஞ்சுபோச்சு. சத்தியமா நான் எங்கயும் இடிக்கல."

வண்டிய எடுத்துட்டு ஓடுனேன். முன்பலகைல ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அவன் ரூம்ல ஏர்கோன் ஜில்லுன்னு ஓடிட்டு இருந்துச்சு. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஈரத்துல ஊதியிருந்த பலக காஞ்சதும் சுருங்கப் பாத்துருக்கு. குச்சி விடல. பலக வெடிச்சிருச்சு.

அவனுக்கு அது தெரியாது. "ஏர்கோனப் போட்டுட்டுத் தூங்கிட்டேன், என் தப்புதான்லா. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு வாரேன். ரெண்டு பேருமா சரி பண்ணுவோம்."

ஒரு வாரம்! நான் மூஞ்ச உம்முன்னு வச்சுக்கிட்டேன். "ஒடச்சவன் வந்துதான ஆவணும்"னேன்.

அவங்கம்மா முறுக்கு கொண்டாந்து வச்சாங்க. நான் நாலு தின்னேன். அவன் ஒண்ணக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு தட்டுலயே வச்சுட்டான். தீபாவளி அன்னைக்கு முறுக்குத் திங்காதவன எத்தன நேரம் பாக்குறது?

"நீ ஒடைக்கலடா. மழைல குச்சிய ஒட்டுனது நாந்தான்."

"பின்ன ஏன்லா இவ்வளவு நேரம் சொல்லல?"

"உன் மூஞ்சி பாக்க நல்லாருந்துச்சு."

தலகாணியத் தூக்கி அடிச்சான், சிரிச்சான். அப்புறம், "அப்ப நான் வர வேணாமா?"ன்னான்.

"வந்து என்னத்தக் கிழிக்கப்போற? பசைய மிதிச்சுட்டு நிப்ப. நானே பாத்துக்குவேன்."

வாய் அப்படிப் பழகிருச்சு, என்ன பண்றது.

அவன் பஸ்ஸு ஏறுன அன்னைக்கு நானே போன் பண்ணேன். "தைப்பூசத்துக்கு வாலா மச்சான்."

"போடா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"வெளயாடலடா. நெசமாத்தான்."

"நீயா? நெசமா?" சிரிச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம், "பாக்குறேன்லா"ன்னான்.

தைப்பூசமும் போயிருச்சு, அவன் வரல. மழ விட்டு நாலு நாள் நல்லா காஞ்சப்புறம் வெடிப்ப அடைக்க உக்காந்தேன். ஓட்ட வழியா கைய விட்டு உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டு ஒட்டணும். ரெண்டு ஆளு வேல அது, வெளிய ஒருத்தன் அழுத்திப் புடிச்சுக்கணும். நான் வலது கைய உள்ள விட்டுட்டு, மேல தாவாக்கட்டைய வச்சு அழுத்திக்கிட்டு, பசை புடிக்கிற வரைக்கும் மேசைலயே கவுந்து கெடந்தேன்.