லோதி ரோட்டில் ஷூ பழகுகிறேன்

நாளை மறுநாள் யாத்திரைக் குழுவோடு கைலாயத்துக்குப் புறப்படுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, லாரி கிளீனராகத் தொடங்கி, இன்று பதினோரு லாரிக்கு முதலாளி நான். மலை என்னை என்ன செய்துவிடும்?

தங்கியிருப்பது டெல்லியில், லோதி ரோட்டு அரசுக் குடியிருப்பில், ஊர்க்காரர் முருகேசன் வீட்டில். போன வருடம் கைலாயம் போய்வந்தவர். பெட்டியைத் திறந்து மலையேறும் ஷூவைப் பெருமையாகக் காட்டுகிறேன். புது லாரிக்குச் செய்வதுபோல அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, இத ஒரு நாளும் போடலையா?"

"ஈசன் மலையை மிதிக்கப்போறது. ஊர் அழுக்கு படலாமா? ரெண்டு மாசமா பூசையறையிலதான் இருந்துச்சு."

"அச்சா! பழகாத ஷூவோட ஏறுனா மூணாம் நாளே பாதம் பூரியா உப்பிரும். எங்கூட வந்தவர அப்படித்தான் பாதியில திருப்பி அனுப்புனாங்க. அழுதுகிட்டே இறங்குனாரு. மாட்டிக்கிட்டு நடங்க, ஜல்தி."

குடியிருப்பைச் சுற்றி நடக்கிறேன். சரக்கொன்றை மஞ்சளாய் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெயிலில் தார்ச்சாலை நீர்போல நெளிகிறது. அதன் கோடியில் வெள்ளை மேகம் ஒன்று பனிமலையாக எழுந்து நிற்க, சைக்கிளில் போகிற ஆபீஸ்காரர்கள் அதற்குள் புகுந்து மறைகிறார்கள். சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கிறது. நானும் ஏறிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

மூன்றாவது சுற்றில் இடது குதிகால் எரியத் தொடங்குகிறது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தடவி, மறுபடி மாட்டிக் கயிற்றைக் கட்டுகிறேன். பெரிய பெரிய ஆபீசர்களிடம்கூடக் கெஞ்சாதவன், என் காலிடம் கெஞ்சிக்கொண்டே நான்காவது சுற்றுக்கு எழுந்திருக்கிறேன்.