ஜீப்போடு நடந்து வந்தவர்கள்

சென்ற ஆண்டு கோடையில், எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. திருப்பதியில் ஒரு குறுகலான தெருவில், மாடி போர்ஷனில் நானும் என் ஆறு வயது மகளும் குடியிருந்தோம். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது அவருக்கு எல்லையோரத்தில் பணி. எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெலுங்கு அரைகுறை. அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

சண்டை தொடங்கிய அன்று காலையில் அவர் பேசினார். "கொஞ்ச நாளைக்கு போன் ஆஃப்ல இருக்கும். பாப்பாவைப் பாத்துக்கோ." அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

அதன்பிறகு எனக்கு டி.வி.தான் கதி. ஒரு சேனலில் ஒன்று சொல்வார்கள், இன்னொன்றில் அதைவிடப் பயங்கரமாக வேறொன்று. சோறு இறங்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேருடைய ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். கூட வேலை பார்க்கும் பெண் கவனித்ததால் தப்பித்தேன்.

மறுநாள் பார்த்தால் கேபிள் வரவில்லை. கேபிள்காரருக்குப் போன் செய்தால், "ரிப்பேரும்மா, ரெண்டு நாள் ஆவும்" என்றார். எதிர்வீட்டில் டி.வி. ஓடும் சத்தம் கேட்கிறதே என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். தெருமுனை பால் பூத்தில் காலையில் ஏழெட்டுப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி கொஞ்சமும் தேவையில்லாமல் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னாள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்தது. ஊர் பேர் தெரியாதவள், புருஷன் கூட இல்லாதவள் என்று கேலி பேசுகிறார்கள் என நினைத்து, அதன்பிறகு பால் வாங்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். அடுத்த தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன்.

நான்கு நாட்கள் இப்படிப் போயின. அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஐந்தாம் நாள் எனக்கு விடுமுறை. மகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு தெலுங்குக்கார நர்ஸ். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயது. பதினொரு மணி இருக்கும். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது.

பச்சை நிற ஜீப். அதிலிருந்து எட்டிப் பார்த்தவர் தலையில் ராணுவத் தொப்பி. கையில் ஒரு காகிதம். அதைக் காட்டி பால் பூத் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, நேராக என் வீட்டைப் பார்த்தார்.

ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் ஜீப் நடை வேகத்தில்தான் வர முடிந்தது. பால் பூத் அம்மா ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, ஜீப்புக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். இஸ்திரி போடும் பெண் பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி மாவுக் கையோடு இறங்கினாள். எதிர்வீட்டு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஏழு பெண்கள் அந்த ஜீப்புக்கு இருபுறமும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கீழே நர்ஸ் குழந்தைகள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

இவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் இனிமேல் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டேன். மேல் தாழ், கீழ் தாழ் இரண்டையும் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் திறக்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவு தட்டப்பட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே இருந்து எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. அவர் புத்தூர் பக்கத்துத் தமிழ்க்காரர்.

"நீ தொறக்காதம்மா. அங்கியே ஒக்காந்துக்கினு இரு. இன்னா சேதின்னு நான் கேக்கறேன். நாங்க அல்லாரும் இங்கதான் கீறோம்."

அதன்பிறகு ஆண் குரல் ஒன்று தெலுங்கில் தணிந்து பேசியது. எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிடம்கூட இருக்காது. திடீரென்று அக்கா கத்தினார்.

"இன்னா மனுசங்கய்யா நீங்க! ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா? உசுரே போச்சுதே எங்களுக்கு!" உடனே கதவில் இரண்டு கையாலும் தட்டினார். "ஒண்ணுமில்லம்மா! அவருக்கு ஒண்ணுமில்ல! தொற!"

வந்தவர்கள் ஓய்வு பெற்ற ராணுவத்தினர். பணியில் இருப்பவர்களின் குடும்பங்களை வீடு வீடாகப் பார்த்து, போன் நம்பர் வாங்கிக்கொண்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்க வந்தவர்கள். நான் கதவைத் திறந்தபோது அந்தப் பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தப்பு எங்களுதேம்மா" என்று அரைகுறைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. படிக்கட்டு முழுக்கப் பெண்கள். மாவுக் கைக்காரி சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் பெயரைக்கூட அதுவரை கேட்டதில்லை.

ஜீப் போனபிறகு எல்லோரும் என் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த நர்ஸ், என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயபடொத்து அம்மாயி, நேனு உன்னானு கதா" என்றார். பயப்படாதே, நான் இருக்கிறேன் அல்லவா என்று அர்த்தம். மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "ஏன் எல்லாரும் அழுவுறீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா சொன்னார். அவருடைய தம்பியும் ராணுவத்தில் இருந்தவர். பல வருஷங்களுக்கு முன் சேதி வந்த அன்று அவர் அம்மா வீட்டில் தனியாக இருந்தாராம்.

"எங்கம்மா ஒண்டியா கதவத் தொறந்தாங்கோ. சேதி சொன்னவங்க போயிட்டாங்கோ. நாங்க வயல்லேர்ந்து வர்ற வரைக்கும் அங்கியே நின்னுக்கினு இருந்தாங்கோ. அது யாருக்கும் ஆவக் கூடாது."

சண்டை தொடங்கிய மறுநாளே பால் பூத்தில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். யாராவது வந்து என் வீட்டைக் கேட்டால் என்னைத் தனியாக விடக் கூடாது. நர்ஸ் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்கள் மேலே வந்துவிடுவது. கேபிளை நிறுத்தச் சொன்னதும் அவர்கள்தான். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுவதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அன்று நான் போனதும் நிறுத்தப்பட்ட பேச்சு இதுதான். அதைக் கேலி என்று நினைத்து நான் பால் வாங்கும் இடத்தையே மாற்றியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

மேலும் இரண்டு நாள் கழித்து, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது. "நல்லா இருக்கேன்" என்றார். பாதிப் பின்னலோடு மகள் பால்கனிக்கு ஓடி, "எங்கப்பா பேசினாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவர் விடுமுறைக்கு வந்து போய், இப்போது வேறோர் எல்லையில் இருக்கிறார். பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் இப்போது உள்ளே ஓடுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, அது யார் வீட்டைத் தேடி வந்திருக்கிறது, அந்த வீட்டில் இருப்பவள் தனியாக இருக்கிறாளா என்று பார்க்கிறேன்.