ரெங்கநாயகியின் மூன்று நாள்

ரெங்கநாயகிக்கு மூலம் வந்தது ஒரே பிள்ளை பிறந்த கையோடு. வந்தது என்னவோ ஊரில் பாதிப் பேருக்கு வருகிறதுதான். அதைக் கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாமல் கால் நூற்றாண்டு கட்டிக் காப்பாற்றினாளே, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் என்னவென்று சொல்வது!

தெரிந்தவள் ஒருத்திதான். துறையூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஆனந்தவள்ளி. அவளுக்கும் அதே உபத்திரவம். கல்யாணம் கார்த்திகை என்று சந்திக்கும்போதெல்லாம் இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கருணைக்கிழங்கு மசியல் நல்லதா, துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது நல்லதா என்று ஆலோசனை நடக்கும். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். டாக்டரிடம் போகிற பேச்சு மட்டும் எழாது. "மூலம், பௌத்திரம்" என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தச் சுவரில் எழுதியிருந்தாலும் ரெங்கநாயகி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சுவருக்குக் கண் இருப்பது போல.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் வீடு. கணவர் ஸ்ரீரங்கராஜன் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். நாலாயிரத்தில் ஓர் எழுத்து பிசகாது. வீட்டில் சமையல், அவர்கள் பாஷையில் தளிகை, மடியாக நடந்தாகவேண்டும். பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு பருக்கை உள்ளே போகாது. ரெங்கநாயகி விடியற்காலையில் குளித்து அடுப்படிக்குள் நுழைந்தால் மதியம்வரை வெளியே வரமுடியாது. நடுவில் கழிப்பறைக்குப் போனால் மடி போய்விடும், மறுபடி தலையோடு குளிக்கவேண்டும். இந்த வம்பு எதற்கு என்று தண்ணீரே குடிக்கமாட்டாள். வயிறு கூப்பிட்டாலும் அடக்கிக்கொள்வாள். அடக்கி அடக்கி, கடைசியில் போகும்போது கண்ணில் நீர் வர முக்கவேண்டியிருக்கும். மூலத்துக்கு இதைவிட வேறென்ன உபசாரம் வேண்டும்?

ஐம்பதை நெருங்கும்போது மாதவிலக்கு நின்றது. நின்று நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஆடிப்பூரத்தன்று அக்காரவடிசில் கிளறிக்கொண்டிருந்தவளின் மடிசாரில், பின்பக்கம், கறை. பூணூலைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்த ஸ்ரீரங்கராஜன் பார்த்துவிட்டார்.

"என்னடி இது? நின்னுடுத்துன்னு நினைச்சேனே. இன்னிக்குத்தானா வரணும்?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. மற்றதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிவிட்டாள்.

கொல்லைப்புற அறையில் மூன்று நாள். மற்ற பெண்கள் இந்த ஒதுக்கத்தைச் சபித்துக்கொண்டுதான் கழித்தார்கள். மாட்டுப்பெண் மைதிலி, வங்கியில் வேலை பார்க்கிறவள், "இந்தக் காலத்துல என்னம்மா இதெல்லாம்" என்று முணுமுணுத்தாலும், ஆபீஸ் போகுமுன் அவசரமாகத் தளிகை பண்ணிக் கொல்லையறைக்குத் தட்டு கொண்டுவந்து வைத்தாள். ரெங்கநாயகியோ அகலமான டப்பில் வெந்நீர் நிரப்பி அதில் உட்கார்ந்தாள். எரிச்சல் அடங்கியது. எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. வேண்டுமட்டும் தண்ணீர் குடித்தாள், வேண்டியபோது கழிப்பறைக்குப் போனாள். கல்யாணமான நாள் முதல் அப்படியொரு சுகம் அவளுக்கு வாய்த்ததில்லை.

அடுத்த மாதமும் ஒதுங்கினாள். அதற்கடுத்த மாதமும். மடியில் வந்து விழுந்த விடுமுறையை யார்தான் விடுவார்கள்?

இரண்டு வருடத்தில் உடம்பு இளைத்தது, ரவிக்கை தொளதொளத்தது. ரத்தம் முன்போல் பளிச்சென்று இல்லாமல் கறுத்து, சளியோடு கலந்து வந்தது. போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போலவே இருந்தது. பழைய மூலம்தான் முற்றிவிட்டது என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, மாதம் இருமுறை ஒதுங்க ஆரம்பித்தாள்.

முகம் வெளுத்ததைப் பார்த்துப் பயந்தவள் மைதிலிதான். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் தன் கணவனை எதிர்பார்க்காமல், தானே மாமியாரை ஆட்டோவில் ஏற்றித் தில்லைநகரில் டாக்டர் சபீனாவிடம் கூட்டிப்போனாள்.

"பீரியட்ஸ் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

மைதிலி முந்திக்கொண்டாள். "மாசத்துக்கு ரெண்டு தடவை ஆயிடறது டாக்டர். ரொம்பப் போறது."

டாக்டர் ரெங்கநாயகியைப் பார்த்தார். "மோஷன் போறப்ப ரத்தம் ஏதாவது வருதாம்மா?"

கேட்டாள் அந்த மகராசி, கேட்காமல் விடவில்லை. ஒரு சொல் போதும். ஆனால் பக்கத்தில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் தட்டு சுமந்த பெண். அவ்வளவும் நாடகம் என்று அவள் எதிரில் எப்படிச் சொல்வது?

"இல்லை டாக்டர்."

ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. காரணம் தேடிப் போனவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. முதலில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதில் மலம் கறுக்கும் என்று மருந்துக்கடையில் சொன்னதால், கறுத்ததையெல்லாம் அதன் கணக்கில் எழுதினாள். ரத்தம் கொஞ்சம் ஏறியதும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒரு சொல்லைக் கொடுக்க மனமில்லாமல் ஓர் உறுப்பைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பெருமாள் காப்பாத்திட்டார். இனிமே மாசாமாசம் தொல்லை இல்லை" என்று ஸ்ரீரங்கராஜன் எல்லோருக்கும் சொன்னார். தையல் ஆறியதும் ரெங்கநாயகி அடுப்படிக்குத் திரும்பினாள். கொல்லையறைக்கு இனி போக்கில்லை. ரத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளியலறையில் மயங்கிக் கிடந்தாள். தூக்க வந்த மைதிலி தரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"கர்ப்பப்பைதான் எடுத்தாச்சேம்மா. இது எங்கேர்ந்து வரது?"

ரெங்கநாயகி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மைதிலி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்போ டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேனாம்மா" என்று மட்டும் கேட்டாள்.

இந்தத் தடவை டாக்டர் சபீனா உறை மாட்டி விரலால் பரிசோதித்தார். அதிலேயே அவர் முகம் மாறியது. பிறகு குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலில் புற்றுநோய். கல்லீரல்வரை போயிருந்தது.

"உங்களுக்கு மூலமும் இருக்கும்மா. அது மட்டும்னா பெரிய விஷயமே இல்ல. தண்ணி, கீரை, முக்காம போறது. அதுக்கும் அடங்கலைன்னா சின்னதா ஒரு ரப்பர் வளையம் போட்டுட்டு அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். மூலம் கேன்சரா மாறாது. ஆனா கேன்சரும் மூலம் மாதிரியேதான் ரத்தம் காட்டும். பார்க்காம தெரியாது."

"அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்றாள் மைதிலி.

டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "அன்னிக்கு வெட்டி எடுத்திருக்கலாம். இல்லைன்னு சொன்னாலும் நானும் பார்த்திருக்கணும்."

இப்போது ரெங்கநாயகி கொல்லையறையிலேயே படுத்திருக்கிறாள். மூன்று நாள் கணக்கெல்லாம் போய்விட்டது. எல்லா நாளும் ஓய்வுதான். தட்டு வருகிறது, சாப்பிடத்தான் முடிவதில்லை. ஆனந்தவள்ளியை நினைத்துக்கொண்டே கிடக்கிறாள். அவளும் இதே போலத்தானே இருக்கிறாள் என்ற பயம் வலியைவிட அதிகமாக அரிக்கிறது.

ஒருநாள் காலை கூடத்தில் ஸ்ரீரங்கராஜன் ஃபோனில் பேசுவது கேட்டது. கோஷ்டியில் பழகிய குரல், தாழ்த்தினாலும் தாழாது. "கர்ப்பப்பைல வந்திருக்கு. எடுத்தும் பரவிடுத்து." பிறகு அறை வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"உன் தங்கைதான். ஒரேயடியா அழறா. அவளுக்குப் பயமில்லையாம், அவ கர்ப்பப்பையைப் போன வருஷமே எடுத்தாச்சேங்கறா."

ரெங்கநாயகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்னா, ஏன் அப்படிச் சொன்னேள்?"

"பின்னே என்னத்தைச் சொல்லச் சொல்றே? வாயால சொல்ற எடமாடி அது?"

அவர் போனதும் மைதிலியைக் கூப்பிட்டாள். "துறையூருக்குப் போடு."

ஆனந்தவள்ளி எடுத்தாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனந்தா, எனக்குக் கர்ப்பப்பைல இல்லைடி. மலக்குடல்ல. கதவைச் சாத்திண்டு சிரிப்போமே, அந்த எடத்துல. உனக்கு இன்னும் ரத்தம் போறதா? நாளைக்கே டாக்டர்கிட்ட போ. சொல்லிடு. ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடு."

டிவியின் சத்தம் குறைந்தது. "யாரு ஃபோன்ல?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

"அவர் பக்கத்துல இருக்கார்க்கா" என்றாள் ஆனந்தவள்ளி மெல்ல. "அப்புறம் பேசறேன்."

"மறுபடி போடு" என்றாள் ரெங்கநாயகி.

அன்று முழுக்கப் போட்டுப் பார்த்தார்கள். ஆனந்தவள்ளி எடுக்கவில்லை.