டர்பன் முத்திரை, ஆகஸ்ட் 19

இருபத்திரண்டு வருஷம் ராயபுரத்தில் தபால் கொடுத்தவன் நான், ஸ்டானிஸ்லாஸ். முத்திரை படிக்க எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்கிற திமிர் இருந்தது. அந்தத் திமிர் தாஹிராவை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தாஹிரா வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு உள்பாவாடை தைக்கிறவள். புருஷன் ஷாகுல் ஹமீது நார்வே நாட்டுக் கப்பலொன்றில் சமையல்காரர். வாய் ஓயாத பெண். நான் சந்து முனையில் சைக்கிளைத் திருப்பும்போதே, "இன்னாண்ணா, எங்க வூட்டுக்காரரு என்னிய ஞாபகம் வெச்சுகினு கீறாரா இல்லியா?" என்று தையல் மெஷினிலிருந்தே கத்துவாள்.

1998 ஆகஸ்ட் கடைசியில் கப்பல் ஏஜென்டின் ஆள் வந்தான். நாலாம் தேதி ஹமீதுக்கு மாரடைப்பு, நடுக்கடலிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றான். பழைய புளியந்தோப்பு விலாசத்தில் அலைந்ததால் செய்தி மூன்று வாரம் தாமதம். தாஹிரா வளையலைக் கழற்றி இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் பூ, வளையல் இல்லாமல் வீட்டோடு இருந்து துக்கம் காப்பது அவர்கள் வழக்கம்.

மூன்றாம் நாள் என் பையில் ஹமீதின் கடிதம். நார்வே ஸ்டாம்பு. அதன்மேல் டர்பன் துறைமுக முத்திரை, ஆகஸ்ட் 19. பக்கத்தில் 'பாக்கபோட்' என்று இன்னொரு குத்து. ஏதோ ஊர்ப் பெயர் என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது! வாசலில் நின்றே கத்தினேன்: "நாலாந்தேதி செத்தவரு பத்தொம்பதாந்தேதி எப்டிம்மா கடுதாசி போடுவாரு? உயிரோட கீறாரும்மா!"

கடிதத்தில் ஹமீது வழக்கம்போல் தேதி போடவில்லை. சளி பிடித்திருக்கிறது, ரம்ஜானுக்கு வந்துவிடுவேன், அவ்வளவுதான். "அதே கப்பல்ல இன்னொரு ஹமீது கீறாருன்னு இவரு முன்னமே சொல்லிகிறாரு. இவனுங்க பேரை மாத்தி சொல்லிட்டானுங்க," என்று தாஹிரா சிரித்தாள், அழுதாள். அன்றே வளையல் கைக்கு ஏறிவிட்டது. ஏஜென்ட் ஆபீஸில் உறையைக் காட்டினாள். எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். பதில் வரவில்லை.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும், யாரும் கட்டாத ஹமீதின் கைலியைத் துவைத்துக் கொடியில் போடுவாள். அது சொட்டச் சொட்டத் தொங்கும்போது ஆள் குளித்துவிட்டு இப்போதுதான் உள்ளே போன மாதிரி இருக்கும். ஒருநாள் பட்டப்பகலில் உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. "யாரும்மா உள்ள?" என்றேன். "யாரும் இல்லியேண்ணா," என்றாள். ஆனால் அவளும் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ரம்ஜான் வந்தது, போனது. அவர் வரவில்லை.

பிப்ரவரியில், வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் செங்குட்டுவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அது கப்பல்லயே பொட்டில போட்ட கடுதாசிய்யா. கரைக்கு வந்து பை எறங்கின அன்னிக்குத்தான் முத்திரை குத்துவான். பாக்கபோட்னா அதான். அந்தாளு அத எப்ப எழுதினாரோ!"

நாசமாய்ப் போக என் இருபத்திரண்டு வருஷம்! மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். செருப்பால் அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். மெஷினை நிறுத்தினாள். "சரிண்ணா. அப்போ இனிமேதான் நான் இத்தா இருக்கணும்," என்றாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவர நாத்தனார் ஜீனத்தை அனுப்பினாள்.

மறுவாரம் போனபோது கதவு திறந்திருந்தது. வழக்கம்போல் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் கத்தவில்லை.

"இத்தாவுல ஒக்காரலியாம்மா?" என்றேன்.

"எனக்கு இத்தா இல்லியாம்ணா. அவரு மௌத்தான நாள்லேர்ந்துதான் கணக்காம். டிசம்பர்லயே முடிஞ்சிபோச்சாம்." துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்காக அழுவறதுக்குன்னு குடுத்த நாளு. அத்தினி நாளும் நான் பூ வெச்சுகினு சிரிச்சிகினு இருந்துட்டேன். இனிமே எப்பண்ணா அழுவறது நானு?"