ஸ்வென் வீட்டு மேலறை

மரியரட்ணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. மன்னாரில் பதினேழு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மூன்று தங்கச்சிமாரையும் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தன் கலியாண வயது தாண்டியிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். எண்பத்தைந்துச் சண்டையில் சங்கக்கடை எரிந்தது. கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலும் கப்பலுமாக டென்மார்க்கில் வந்து இறங்கினார். ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த சிற்றூர் ஒன்றில், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் அவருக்குக் கிடைத்தன. அந்த ஊரில் தமிழ் கதைக்க வேறு ஒரு குருவி கிடையாது.

தனிமை, தனிமை என்று எல்லோரும் சும்மா சொல்லிக்கொள்கிறோம். மரியரட்ணத்தைக் கேட்டிருக்க வேண்டும். கிழமையில் மூன்று நாள் டேனிஷ் வகுப்பு. சனி மத்தியானம் கடைகள் பூட்டினால் அதோடு சரி. திங்கட்கிழமை காலை வரை அவர் வாய் சோறு தின்னத்தான் திறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல், தொலைபேசியில் நேரம் சொல்லும் எண்ணைச் சுழற்றி, பதிவு செய்து வைத்த அந்தப் பெண்குரலைப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வைக்கும்போது நன்றியும் சொன்னார். சிரிக்கிறவர்கள் ஒரு மாதம் அப்படி இருந்து பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அவரிடம் வந்துபோகும் ஒரே மனிதர் ஸ்வென். எழுபது வயது டேனிஷ்காரர். பால் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து இரண்டு வருடம். அகதிகளுக்கு உதவப் பெயர் கொடுத்திருந்ததால் மாதம் இருமுறை வந்து, அரசாங்கக் கடிதங்களை வாசித்துப் பாதி டேனிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் விளங்கப்படுத்துவார். ஒரு பழைய சைக்கிளும் தந்திருந்தார். பேச்சென்றால் எண்ணி எண்ணித்தான் வரும்.

எண்பத்தாறு ஓகஸ்டில் ஒரு நாள், ஓகூஸில் மொழிபெயர்ப்பாளராக இருந்த விமலராணி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, ஒரு நல்ல கதை. ஸ்வென்ரை வீட்டிலை மேலறை சும்மா கிடக்குதாம். உங்களை அங்கை வந்திருக்கச் சொல்லிக் கேக்கப்போறார் போலை. ஞாயிற்றுக்கிழமை ரயில் பாக்கக் கூட்டிக்கொண்டு போறதும் அதுக்குத்தான்."

"சும்மா சொல்லாதை பிள்ளை!"

"உண்மையாத்தான் சொல்லுறன். அவருக்கும் வீட்டிலை ஒருத்தரும் இல்லையெல்லோ."

அன்று முழுக்க மனுசன் நிலத்தில் நிற்கவில்லை. கீழே ஒருவர் இருமுகிற சத்தம் கேட்கும். காலையில் ஒருவருக்கு வணக்கம் சொல்லலாம். குசினியில் இரண்டு கோப்பை இருக்கும். இதற்கு மேல் அவர் ஒன்றும் ஆசைப்படவில்லை, இதற்காகத்தான் ஆலாய்ப் பறந்தார். ஞாயிறு வரை மூன்று முறை முகம் வழித்தார்.

அந்த ஊர் ரயில்பாதையை மூடிப் பதினெட்டு வருடம். அதில் பாதித் துண்டை ரயில்பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து காப்பாற்றி, கோடை ஞாயிறுகளில் பழைய நீராவி ரயில் ஓட்டினார்கள். மீதிப் பாதியில் தண்டவாளத்தைக் கிளப்பிச் சல்லி பரப்பிச் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். ரயிலில் கடைசி நிலையம் மட்டும் போய், அங்கிருந்து பதினாலு கிலோமீற்றர் சைக்கிளில் ஊருக்குத் திரும்புவது என்பது ஸ்வெனின் திட்டம். ஸ்வெனின் பக்கத்து வீட்டுக்காரர் தன் வான் வண்டியில் இருவரையும் சைக்கிள்களையும் புறப்படும் நிலையத்தில் இறக்கிவிட்டார்.

சைக்கிள்களை ரயிலின் சாமான் பெட்டிக்குள் ஏற்றினார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த உடுப்போடு ஒரு பல்வைத்தியர் வந்து டிக்கெட்டில் ஓட்டை போட்டார். ஆம், பல்வைத்தியர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இதுதான் சந்தோசம். மரவாங்கில் இருவரும் எதிரெதிராக இருந்தார்கள். கரிப்புகை ஜன்னலால் வந்து மரியரட்ணத்தின் வெள்ளைச் சேர்ட்டில் படிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஸ்வெனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதித் தூரம் போனதும் ஸ்வென் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என் வீட்டில் மேலே ஒரு அறை இருக்கிறது. வெளிச்சமான அறை. நீ அங்கே வந்து இருக்க விரும்புகிறாயா?"

அட, கேட்டேவிட்டார்! ஆனால் கேட்டவுடனே பாய்ந்து விழுந்தால் என்ன மரியாதை? காணாததைக் கண்டவன் என்று நினைக்கமாட்டாரா? மன்னாரில் ஒரு தேத்தண்ணிக்கே முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரம் கேட்டால், உங்களுக்கு ஏன் கரைச்சல் என்பார்கள். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான், சரி, நீங்கள் சொல்கிறபடியால் என்று உட்காருவார்கள். இது வீடல்லவா!

"இல்லை, இல்லை. மிக்க நன்றி," என்றார் மரியரட்ணம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

ஸ்வென் அவரைச் சற்று நேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சரி," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கடைசி நிலையத்தில் சைக்கிள்களை இறக்கினார்கள். ரயில் கூவிவிட்டுப் பின்னோக்கிப் போய்விட்டது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. காட்டுக்குள் நேரே போகும் சல்லிப் பாதை மட்டும். அந்தப் பாதையில் மரியரட்ணம் இரண்டாம் தரத்துக்காகக் காத்துக்கொண்டு மிதித்தார்.

முதல் நாலு கிலோமீற்றர் கவலைப்படவில்லை. நல்ல மனுசன், தோதான நேரம் பார்க்கிறார் என்று நினைத்தார். ஒரு பழைய ரயில்வே பாலத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோது, தாமே ஒரு நூல் விட்டுப் பார்த்தார்.

"என் வீடு மிகச் சின்னது," என்றார்.

"சின்ன வீடு என்றால் கூட்டித் துடைக்கச் சுகம்," என்றார் ஸ்வென்.

போச்சுடா! இன்னும் கொஞ்ச தூரம் போய், "மாரிக் குளிர் காலத்தில் தனிய இருக்கிறது கஷ்டம்," என்றார். ஸ்வென் பாதையைப் பார்த்து மிதித்தபடி, "ஆம், கஷ்டம்தான்," என்றார். அவ்வளவுதான். பாதை காட்டைவிட்டு வெளியே வந்து வெட்டிய கோதுமை வயல்களுக்குள் போனது. ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. மரியரட்ணம் வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். சைக்கிள் தள்ளாடத் தொடங்கியது. ஸ்வெனும் பொறுமையாக வேகத்தைக் குறைத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. ஓம், வருகிறேன் என்று சொல்ல மரியரட்ணத்தின் நாக்கு துடித்தது. ஆனால் கேளாத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? அந்த ரோசம் அவரைக் கொன்றது.

பிரியும் சந்தியில் ஸ்வென் கை கொடுத்தார். "இன்றைய நாளுக்கு நன்றி," என்றுவிட்டுத் தன் பக்கத் தெருவில் திரும்பிப் போனார். மரியரட்ணம் அவர் முதுகு மறையும்வரை அங்கேயே நின்றார். வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தார். கறுப்பன் ஒருவனை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லாமல் போய்விட்டது போலும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதார்.

வியாழக்கிழமை விமலராணி தொலைபேசி எடுத்தாள். குரலில் கோபம்.

"என்ன அண்ணை, அந்த மனுசன் அவ்வளவு ஆசையாக் கேக்க, மாட்டன் எண்டு சொல்லிப்போட்டியளாம்?"

"நான் எங்கை மாட்டன் எண்டனான்? ஒருக்கா வேண்டாம் எண்டன், அவ்வளவுதானே!"



"ஐயோ அண்ணை," என்றாள். "இஞ்சை ரெண்டாம் தரம் கேக்கமாட்டினம். வேண்டாம் எண்டவனை வற்புறுத்துறதுதான் இவைக்கு மரியாதைக் கேடு."

தொலைபேசியை வைத்தாரோ இல்லையோ, சைக்கிளில் ஏறிவிட்டார். மானமாவது, மண்ணாங்கட்டியாவது! இடையில் இருந்த ஆறு தெருவையும் ஒரே மூச்சில் மிதித்துப் போய் ஸ்வென் வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "ஆம்," என்றார். "மேலறை. ஆம். எனக்கு விருப்பம்."

ஸ்வென் திகைத்துப்போனார். உள்ளே படிக்கட்டடியில் இரண்டு பெட்டிகளும் ஒரு மேசை விளக்கும் இருந்தன. மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை என்றார் ஸ்வென். செவ்வாய்க்கிழமை பேசி முடித்தாயிற்று, ஒரு வருடத்துக்கு.

"நீ வேண்டாம் என்றாயே."

மரியரட்ணம் தனக்குத் தெரிந்த டேனிஷையும் ஆங்கிலத்தையும் எல்லாம் கூட்டி அள்ளி, எங்கள் ஊரில் முதலில் சொல்லும் 'வேண்டாம்' உண்மையில் வேண்டாம் அல்ல, மூன்று தரம் கேட்பார்கள் என்று விரல் மடக்கிக் காட்டினார். ஸ்வென் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒரு தரம் கேட்கவே," என்றார், "எனக்கு மூன்று கிழமை எடுத்தது."